விக்கிரமங்கலத்திலிருந்து வந்த பொருக்கு

நாலரை மணிக்கு அய்யம்பெருமாளின் போன் வந்துவிடும். பூவிழி அதற்குள் கையுறையைக் கழற்றிவிட்டிருப்பாள்.

பாடாலூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சிறிய கால்நடை ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பு அறை அவள் பொறுப்பு. ஆட்டுக்குட்டியின் விரையிலிருந்து பிரித்த செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்த்து, மாட்டு அம்மை வைரஸ் அவற்றில் பெருகுகிறதா என்று பார்ப்பாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்றாவிட்டால் செல்கள் செத்துவிடும். கல்யாணம், காய்ச்சல், தீபாவளி எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அரும்பாவூரில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவள் பந்தியில் உட்காராமல் திரும்பினாள். அதற்கப்புறம் தம்பி எதற்கும் கூப்பிடுவதில்லை. பெரம்பலூரில் அவள் இருந்த ஒற்றை அறைக்கு யாரும் வருவதும் இல்லை. சில நாட்களில், கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொன்னதற்கு அடுத்து அவள் வாய் திறப்பதே இந்தப் போனுக்குத்தான்.

அய்யம்பெருமாள் விக்கிரமங்கலத்துக்காரர். மனைவி இறந்தபின் அவர் வீட்டில் இருந்த ஒரே உயிர் ஒரு பசு. அதற்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பிய இரண்டாம் வாரம் எதிர்வீட்டுப் பாப்பாத்தியின் கன்று செத்தது. அவர் மாடுதான் அம்மையைக் கொண்டுவந்தது என்று தெரு முடிவு செய்தது. முதலில் அவரிடம் பால் வாங்குவது நின்றது, பிறகு பேச்சு நின்றது. தன் மாட்டுக்கு வந்தது வெறும் வெயில் கொப்புளம் என்று அவர் உறுதியாக நம்பினார். அப்படி ஒரு காகிதம் வாங்கத்தான் கட்டியிலிருந்து உதிர்ந்த பொருக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார்.

குடுவையின் அடி முழுக்கச் செல்கள் பரவ ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியும் தினமும் கூப்பிட்டார். "ஏதும் மொளச்சிருக்குங்களா மேடம்?" என்பார். இல்லை என்று தெரிந்ததும் மாடு என்ன தின்றது, எங்கே மழை இறங்கியது என்று பேச்சு நீளும்.

பொருக்கை அரைத்து வடிகட்டிய நீரைச் செல்களில் விட்ட மறுநாள் காலை, அத்தனையும் செத்து மிதந்தன. உடன் வேலை பார்க்கும் பிரசாத் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, அம்மை என்றே எழுதிவிடலாம் என்றான். பூவிழி ஒப்பவில்லை. இந்த வைரஸ் நாலைந்து நாள் எடுத்து மெதுவாக வேலை செய்வது; ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாது. பொருக்கு நீர் விடாத குடுவை நன்றாகவே இருந்தது. அன்று நாலரைக்கு, பொருக்கை எப்படி எடுத்துக் கொண்டுவந்தார் என்று அவளே கேட்டாள்.

"அழுக்கோட ஒரு ஆபீசுக்கு எப்படிங்க கொண்டாறது?" என்றார் அவர். "மஞ்சத்தண்ணியில நல்லா ஊறவச்சு அலசி, வேப்பிலையில மடிச்சுல்ல கொண்டாந்தேன்."

"சாமிக்குப் படைக்கவா கொண்டாந்தீங்க?"

இருவரும் சிரித்தார்கள். செல்களைக் கொன்றது அந்த மஞ்சள்தான்.

வைரஸ் வளரவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம், அந்த ஆளுக்கு வேண்டியதும் அதுதானே என்றான் பிரசாத். எழுதினால் அதில் பொய் என்று எதுவும் இருக்காது. அவள் பேனாவை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். பசுவின் காதுக்குப் பின்னால் கடைசியாக ஒரு பொருக்கு மிச்சமிருந்தது. அவள் கொடுத்தனுப்பிய பாட்டிலில், அலசாமல், அது வந்து சேர்ந்தது.

ஐந்தாம் நாள் செல்கள் உருண்டு திரண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அங்கங்கே வெற்றிடம். மூன்று முறை பார்த்தாள். ஒப்பிடும் குடுவையையும் பார்த்தாள். மறுசோதனையும் அதையே சொன்னது.

"வளந்திருக்குங்க ஐயா. அம்மைதான்."

எதிர்முனையில் மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது.

"அப்ப எம் மாட்டாலதான் அந்தக் கன்னு போச்சு."

ஈயும் கொசுவும் எங்கிருந்தும் கொண்டுவரும், எது முதலில் எதற்குக் கொடுத்தது என்று செல்களால் சொல்ல முடியாது என்றாள். அவர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டாரே தவிர நம்பவில்லை.

"காயிதத்துல பெரிய எழுத்தா தமிழ்ல எழுதிக் குடுங்க மேடம். பாப்பாத்தி வூட்டுல நானே படிச்சுக் காட்டுறேன். இத்தினி நாளும் அவங்களத்தான் பொய் சொல்றாங்கன்னு ஏசிக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் வந்து வாங்கிப் போனார். அதற்கடுத்த நாள் நாலரைக்குப் போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தவள் மறுபடி மாட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"போனேங்க. கதவத் தொறந்தாங்க. படிச்சேன். தண்ணி குடுத்தாங்க. வேற ஒண்ணும் பேசல."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேங்க."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு அலுவல் எதுவும் இல்லை. அவருக்கும் இல்லை. அங்கே கழுத்து மணி அசைந்தது. இங்கே காற்று வடிகட்டும் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்றார் அவர். சரி என்றாள். இருவருமே போனை வைக்கவில்லை.