நாற்பதிலிருந்து எழுபதுக்கு

ஒட்வாரின் எடை எழுபத்தெட்டு கிலோ. முப்பது வருடம் அவனோடு குடித்தனம் நடத்திய எனக்கு, போன அக்டோபர் வரை அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது நழுவிவிட்டான். ஒன்பது வருடமாக அவனுக்கு நரம்பு நோய். கால்கள் எப்போதோ சொல்பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டன; கைகள் நாளுக்கொரு மாதிரி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். அடி ஒன்றும் இல்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எழவில்லை. முன்னால் போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். எழவில்லை. போர்வையைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன், போர்வைதான் கிழிந்தது.

"யாரையும் கூப்பிடாதே துரீத்," என்றான். "இங்க உக்காந்து பாத்தாத்தான் தெரியுது, கட்டிலுக்கு அடியில எவ்வளவு குப்பைன்னு."

இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவன் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியதும் பயந்துபோய் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்புக்கு போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள்; ஒட்வார் நாற்காலியில் இருந்தான். அவர்களில் ஒரு பெண் என் தோளைத் தட்டி, "ரொம்ப சிரமப்படுறீங்க," என்று அன்பாகச் சொல்லிவிட்டு, கையிலிருந்த கருவியில் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

மறுவாரம் கடிதம் வந்தது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நகராட்சியிலிருந்து வீட்டுக்கு வந்து எங்கள் தேவைகளை மதிப்பிடுவார்கள் என்று இருந்தது. கண்ணை ஓட்டிக்கொண்டு போனபோது, 'பராமரிப்பு இல்லத்தில் இடம்' என்ற சொற்களில் வந்து நின்றேன். அதற்கு மேல் படிக்கவில்லை. மடித்து, தையல் பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒட்வாரிடம் சொல்லவில்லை.

நான் எங்கள் ஊர் சிக்கில்வனில் நாற்காலித் தொழிற்சாலையில் தோல் தைக்கிறவள். அந்த வாரம் மூன்று உறைகளை வீணாக்கினேன். எந்திரத்தின் முன் உட்கார்ந்தால், ஒரு அந்நியர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, 'இவரை உங்களால் தூக்க முடியுமா?' என்று கேட்பது போலவே இருந்தது. முடியாது என்று நான் சொல்ல, அவர் எழுதிக்கொள்ள, ஒட்வாரின் துணிகளை நான் மடித்துப் பெட்டியில் வைக்க, அதற்குள் தையல் கோணிப்போயிருக்கும்.

வியாழக்கிழமைகளில் ஒட்வாருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க பெரித் வருவாள். முப்பது வயதுதான் இருக்கும், இயன்முறை மருத்துவர். அவளிடம் கேட்டேன், என்னை எப்படி பலமாக்கிக்கொள்வது என்று.

"தூக்கற எந்திரம் ஒண்ணு இருக்கு, கேட்டா நகராட்சியே குடுக்கும்," என்றாள்.

ஒட்வார் உள்ளிருந்து குரல் கொடுத்தான். "இருபது வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன் நான். அதுல தொங்கற சரக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வேண்டாம்."

எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. எந்திரம் வந்தால் அடுத்து இல்லம்தான் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அதனால் பெரித் எனக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுத்தாள். இணையத்தில் பார்த்து ஒரு பழைய இரும்பு ராடும் எடைத்தட்டுகளும் வாங்கி, நிலவறையில் சிமெண்டுத் தரையில் போட்டேன். கால்களை எங்கே ஊன்றுவது, முதுகை எப்படி நேராக வைப்பது, மூச்சை எப்போது பிடிப்பது என்று சொல்லித் தந்தாள்.

"எடையை எப்படித் தெரிஞ்செடுக்கறது?" என்று கேட்டேன்.

"எட்டு தடவை தூக்குங்க. இன்னும் அஞ்சு தடவை முடியும்னு தோணுச்சுன்னா எடை பத்தாது. ரெண்டுதான் முடியும்னா அதுதான் உங்களுக்கு. கூட்டும்போது கொஞ்சமா கூட்டுங்க."

முப்பதில் தொடங்கினேன். நவம்பர் முதல் வாரம் நாற்பது. அங்கே நின்றுவிட்டேன். நாற்பதை எட்டு தடவை தூக்கி வைத்தால் இன்னும் ஆறு, ஏழு முடியும் என்று எனக்கே தெரியும். ஆனால் அடுத்த தட்டைக் கையில் எடுத்ததும் இடுப்புக்கு மேல் ஏதோ ஒரு நூல் இழுபடுவது போல இருக்கும். என் முதுகு போனால் ஒட்வாரை யார் பார்ப்பது? தட்டைத் திரும்பச் சுவரோரம் சாய்த்துவிடுவேன். பெரித் கேட்டால், "ரெண்டுதான் முடியுது," என்று பொய் சொல்வேன்.

அதிகமாகத் தூக்கினால் முதுகு போய்விடும். தூக்காவிட்டால் ஒட்வார் போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம் நாற்பதிலேயே கழிந்தது.

டிசம்பர் ஏழு, சனிக்கிழமை. மதிப்பீட்டுக்கு ஐந்து நாள் இருந்தது. காலைச் சாப்பாடு முடிந்து ஒட்வார் வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். நான் நிலவறைக்கு இறங்கினேன். ராடு இருபது கிலோ, பக்கத்துக்குப் பத்து, ஆக நாற்பது ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. வருகிறவர் கேட்டால் நாற்பது கிலோ என்று சொல்வேனா? நாற்பது கிலோ என்றால் அவனுடைய பாதி. பக்கத்துக்குப் பதினைந்து கிலோ கூடுதலாக மாட்டினேன். தட்டு நழுவாமல் பிடிக்கும் வளையத்தை இரண்டு தடவை தவறவிட்டேன்.

எழுபது.

முதல் தடவை அசையவே இல்லை. தரையோடு பற்றவைத்தது போல இருந்தது. அப்போதே விட்டிருக்கலாம். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவனை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மூச்சு, முதுகு எல்லாவற்றையும் மறந்து இழுத்தேன். எழுந்தது. முழங்கால் வரை வந்தது. அங்கே என் இடுப்பில் ஈரத்துணியைக் கிழிப்பது போல ஏதோ ஆனது. ராடு விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எப்போது விழுந்தேன் என்று தெரியவில்லை. கன்னம் சிமெண்டில் இருந்தது.

மூச்சு விட முடியவில்லை. விட்டால் இடுப்பில் கத்தி. முதலில் கால்விரல்களை அசைத்துப் பார்த்தேன். வலது அசைந்தது. இடது அசைந்ததா என்று தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கவும் முடியவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சக்கர நாற்காலிகளைப் பார்த்துவிட்டேன்.

"துரீத்? என்ன சத்தம்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. மேலே வானொலி நின்றது. சக்கரங்கள் மரத்தரையில் உருளும் சத்தம் கேட்டது. வரவேற்பறை, நடை, பிறகு நிலவறைக் கதவு. கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். அதற்கு அப்புறம் பதினான்கு படி. முன்சக்கரங்கள் வாசற்கட்டையில் இடித்து நின்றன.

"வராதே," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. எங்கிருந்தோ பலம் வந்து மறுபடி சொன்னேன். "ஒட்வார், வராதே. பின்னால போ."

"வரலை. உன் கால் மட்டும் தெரியுது. எந்திரிக்க முடியுதா?"

"முடியலை."

சக்கரம் இன்னும் ஒரு விரற்கடை முன்னால் வந்தது போல இருந்தது. அவன் கைக்கு நாற்காலியை நிறுத்துகிற பலம் அன்று இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போன் எங்க?" என்றான்.

"என்னது சமையலறை ஜன்னல்ல. உன்னது?"

"ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன். இரு."

சக்கரங்கள் பின்வாங்கின. போகும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த ஜன்னல் திண்டு அவனுக்கு எட்டாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டினால் முன்னால் சரிந்துவிடுவான். அது தெரிந்தும் அங்கே அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று கத்த மூச்சை இழுத்தபோது மேலே தடால் என்று விழுந்த சத்தம் கேட்டது. கூடவே ஏதோ உடைந்தது.

"ஒட்வார்."

பதில் இல்லை.

"ஒட்வார்."

என் தலைக்கு நேர் மேலேதான் சமையலறை. உத்தரத்துக்கு அந்தப் பக்கம் அவன் கிடக்கிறான் என்று தெரிந்தது, எப்படிக் கிடக்கிறான் என்று தெரியவில்லை. முழங்கையை ஊன்றி நகரப் பார்த்தேன். அரை அடி நகர்ந்திருப்பேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை பெரித் வரும்வரை எங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நிலவறையில் எட்டு டிகிரிதான் இருக்கும். வாழ்க்கையில் நான் இவ்வளவு பயந்ததில்லை. அக்டோபரில் அவன் விழுந்தபோதுகூட இல்லை.

அப்புறம் அவன் குரல் கேட்டது. என்னிடம் இல்லை, போனில் பேசினான். நோய் வந்த பிறகு அவனுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். அன்று இன்னும் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"என் பேர் ஒட்வார். எங்களுக்கு உதவி வேணும். என் பொண்டாட்டி கீழ விழுந்து கிடக்கா. நானும் விழுந்துட்டேன். கதவு பூட்டியிருக்கு. உடைச்சுக்குங்க."

ஒன்பது வருடத்தில் உதவி வேண்டும் என்று அவன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. தரையில் கிடந்தபடி அழுதேன். அழுதால் இடுப்பு வலித்தது.

ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்களாம். அவன் மேலே கிடந்தான், நான் கீழே கிடந்தேன்.

"உனக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"திரைச்சீலையப் புடிச்சு இழுத்தேன். திரை, பூத்தொட்டி, போன், நான், எல்லாம் சேந்து வந்துச்சு. வாயெல்லாம் மண்ணு."

"சிரிக்க வைக்காதே."

"எவ்வளவு போட்டே?"

"எழுபது."

"நாப்பதுதானே தூக்கிட்டு இருந்தே? உனக்கென்ன கிறுக்கா?"

"நீ எழுபத்தெட்டு."

அப்போதுதான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி வருவார்கள், அவனை இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், என்னால் தூக்க முடியும் என்று காட்டினால்தான் விடுவார்கள் என்று எல்லாம் சொன்னேன்.

"அப்படியா எழுதியிருக்கு?"

"இல்லத்துல இடம்னு இருக்கு."

"முழுசாப் படிச்சியா?"

"இல்லை."

"சரி, தூங்கிடாதே. ஏதாவது பேசிட்டே இரு," என்றான். அவன் குரலும் நடுங்கியது. அவனுக்கும் குளிர்கிறதா, பயமா என்று நான் கேட்கவில்லை.

கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் முதலில் அவனைத்தான் பார்த்தார்கள். "என்னை விடுங்க, கீழ போங்க," என்று அவன் அதட்டியது எனக்குக் கேட்டது. ஓலசுண்ட் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு, நரம்பு எதற்கும் ஒன்றுமில்லை, தசைதான் கிழிந்திருந்தது. இடது கால்விரல்கள் நன்றாகவே அசைந்தன. ஒட்வாருக்கு முழங்கையில் நான்கு தையல். வீட்டுக்கு வந்த பிறகு நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பு ஆட்கள்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி நகராட்சி அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண். நான் கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பளு தூக்கியதையும். அவர் தன்னிடமிருந்த கடித நகலை எடுத்து என் முன் விரித்தார். நாங்கள் கேட்கக்கூடிய உதவிகள் நான்கு வரிகளாக இருந்தன. காலையும் மாலையும் ஆள் உதவி, தூக்கும் எந்திரம், எனக்கு மாதத்தில் ஒரு வாரம் ஓய்வு, கடைசியில் இல்லத்தில் இடம்.

"இதுல எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்," என்றார். "கேக்காம நாங்க யாரையும் கொண்டுபோறதில்லை."

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது. ஒட்வார் என்னைப் பார்க்காமல், "முதல் ரெண்டும் குடுங்க," என்றான்.

ஜனவரியில் எந்திரம் வந்தது. முதல் வாரம் அதில் ஏறும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டான். பிறகு பழகிவிட்டது.

பிப்ரவரியில் பெரித் என்னை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு இஷ்டமே இல்லை. இனிமேல் எதற்கு என்றேன்.

"அவரைத் தூக்கறதுக்கு இல்லை. உங்க முதுகுக்குத்தான்," என்றாள். தட்டுகளை எல்லாம் கழற்றி, வெறும் ராடை என் முன் வைத்தாள். இருபது கிலோ. குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். அவள் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். கால் மணி நேரம் கழித்துத்தான் ஒரு தடவை தூக்கினேன்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டரை கிலோ, சில வாரம் அதுவும் இல்லை. மே கடைசியில் நாற்பத்தேழரைக்கு வந்தேன். இப்போதும் தட்டை மாட்டும்போது இடுப்பில் அந்தக் கிழிபடும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். தூக்கி முடித்து மேலே வந்தால் ஒட்வார் நடையில் நாற்காலியில் காத்திருப்பான்.

"எவ்வளவு?" என்பான்.

"நாப்பத்தேழரை."

"போன வாரமும் அதானே?"

"ஆமா. அடுத்த வாரமும் அதான்."

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு, அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போவான். நான் பின்னாலேயே போய் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பேன்.