அனுமதிப் பெட்டியில் இரண்டு பெயர்கள்

எங்கள் வீட்டில் மூன்று கணினிகள், எல்லாவற்றுக்கும் ஒரே அட்மின். அது என் கணவர். அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவர், வீட்டையும் அலுவலகமாகவே நடத்தினார். என் லேப்டாப்பில் எதை நிறுவுவதென்றாலும் அவர் வந்து கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். தட்டும்போது நான் சுவரைப் பார்க்க வேண்டும். "வைரஸ் வந்தா எல்லா மெஷினும் போயிடும், உன் நல்லதுக்குத்தான்" என்பார். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சுவரைப் பார்ப்பேன்.

அன்று எனக்கு ஒரு வேலைக்கான தேர்வு. வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு. வீட்டில் மூச்சு விடவில்லை. தேர்வு எழுதுவதற்கான செயலியைக் கடைசி நேரத்தில்தான் அனுப்பினார்கள். நிறுவப் போனால் திரை மங்கி, அந்த அனுமதிப் பெட்டி வந்து நின்றது. நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் அவருக்கு போன் செய்தேன்.

"என்ன சாஃப்ட்வேர்?"

"ஒரு வேலைக்குத் தேர்வுங்க. இப்பவே எழுதணும்."

"சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெட்டியை முறைத்தேன். கீழே 'வேறு கணக்குகள்' என்றிருந்தது. அழுத்தினேன். அவர் பெயருக்குக் கீழே இன்னொன்று வந்தது: அம்மா.

தன் கணக்கு பூட்டிக்கொண்டால் திறக்க இன்னொரு அட்மின் வேண்டும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்குக்கூட நான் லாயக்கில்லை. சீட்டு விளையாட மட்டுமே கணினியைத் தொடும் என் மாமியார்தான் கிடைத்தார். மாமியாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் வேறு. இருந்தாலும் ஹாலுக்குப் போனேன்.

"அத்தை, உங்க பாஸ்வேர்டு வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் மகன் போனை வைத்ததையும் மறைக்கவில்லை. சீட்டாட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வேலை எங்க?"

"வெளியூர்ல."

"கிடைச்சா போயிடுவியா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"போகணும்போலத்தான் இருக்கு அத்தை."

மாமியாரின் விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அப்புறம் இந்த வீட்டுல அவனும் நானும்தான்" என்றார். அதை என்னிடம் சொன்னதுபோல் தெரியவில்லை. கெட்டது போ என்று நினைத்தேன். அவர் இன்னொரு கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை இறக்கினார். பழக்க தோஷம், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சுவத்துல என்ன இருக்கு? இங்க பாரு."

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரை வெளிச்சமானது. எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

முதல் கேள்வி வரும்போது ஹாலில் போன் அடித்தது. இந்நேரத்தில் மாமியாரைக் கூப்பிட அவர் மகனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"பாஸ்வேர்டைச் சொல்லலடா" என்றார். "அவ பாக்கற மாதிரி தட்டினேன்."

அதற்குப் பிறகு, நான் எழுதி முடிக்கும்வரை, ஹாலில் சீட்டாட்டத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை.