பீப் சத்தத்துக்கு முன்னால்

"உன் வீட்டில் மாடியே கிடையாதே, காமாட்சி. பிறகு எந்தப் படியிலிருந்து விழுந்தாய்?" என்று ஒருமுறை அவளைக் கேட்டாள் ஊகெட். அந்தப் பிரெஞ்சுத் தீவில், சேன் பியேர் ஊர் மருந்தகத்தில் கட்டுப் போடும் நர்ஸ் அவள். காமாட்சி வீங்கிய மணிக்கட்டை நீட்டியபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீக்கம் வடிவதற்குள் வீட்டுக்குள் டெலிபோன் வந்தது. கம்பியில்லாத டெலிபோன். சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேன் ஓட்டுகிறவன் அவள் புருஷன் வீரசாமி. ஹாங்காங்கிலிருந்து மெஷின் பழுதுபார்க்க வந்த ஆளிடம் அதை வாங்கியிருந்தான். ஆள் இல்லாத நேரத்தில் தானே பேசி, தானே பதிவு செய்துகொள்ளும் பெட்டியும் அதோடு சேர்ந்தே இருந்தது. தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. முதல் இரவு முழுக்க அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் எழுந்து எழுந்து பார்த்தான்.

காலையில் ரிசீவரை அவள் இடுப்பில் செருகினான். "இனிமே துணி காயப்போடப் போனேன், கோழிக்குத் தீனி வச்சேன்னு கதை விடாதே. நான் கூப்பிட்டா முதல் மணியிலேயே எடுக்கணும். பெட்டி எடுத்துச்சுன்னா நீ வீட்டுல இல்லைன்னு அர்த்தம்."

அன்றுதான் கோயிலில் கொடியேற்றம். காவடி எடுப்பவர்களோடு வீரசாமியும் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டிவிட்டால் காவடி முடியும்வரை மாமிசம் இல்லை, சாராயம் இல்லை, தரையில்தான் படுக்கை, கோபப்படக் கூடாது. வருஷத்தில் காமாட்சி பயமில்லாமல் தூங்குவது அந்த நாட்களில்தான். அன்றுவரை காப்புக் கட்டிய கை அவள்மேல் விழுந்ததில்லை.

கோயிலிலிருந்து திரும்பியதும் பெட்டியில் அவள் குரலைப் பதிவு செய்ய உட்காரவைத்தான். பிரெஞ்சில் பேச வேண்டும். வணக்கம், இது வீரசாமி வீடு, பீப் சத்தம் கேட்ட பிறகு பேசுங்கள், அவ்வளவுதான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது வீட்டில் பேசும் கிரியோல், தீவு மக்களின் கலப்புப் பிரெஞ்சு. பாதியில் நாக்குப் புரண்டது. அழித்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடியும் தடுமாறினாள். "கரும்பு வெட்டுறவன் பொண்டாட்டி மாதிரி பேசறே. என் முதலாளி இதைக் கேட்கப்போறார், தெரியுமா?" என்றான்.

மூன்றாவது முறை சரியாகவே சொன்னாள். கடைசிச் சொல்லில் மட்டும் ஓர் அழுகை வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், ரிசீவரால் அவள் வாயில் அடித்தான். உதடு பல்லில் கிழிந்தது. நாற்காலியோடு விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, ஏரியலை நீட்டி, அதையே சாட்டையாக்கித் தோளிலும் முதுகிலும் வீசினான். கடைசியில் மூச்சு வாங்கியபடி சொன்னான்: "காப்புக் கட்டியிருக்கேன், பொழைச்சுப் போ. காவடி முடியட்டும், உன்னைக் கொன்னுடறேன்."

பேசி முடித்ததும் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் பதிவு நிற்கும். பெட்டியோடு வந்த புத்தகம் சீனத்தில் இருந்தது; இருவருக்கும் அது தெரியாததால் யாரும் அழுத்தவில்லை. நாடா தீரும்வரை ஓடித் தானாக நின்றது. விளக்கு பச்சையானதும் வேலை முடிந்தது என்று வீரசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

பகலில் ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். மாவுக் கையோடு எடுத்தாள், சோப்பு நுரையோடு எடுத்தாள். அதனால் பெட்டி பேசியதை அவன் கேட்கவே இல்லை. சாயங்காலம் இருவரும் பூஜைக்குப் போன நேரத்தில் கூப்பிட்டவர்கள்தான் கேட்டார்கள்.

கேட்டவர்கள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பொத்தானைத் தட்டினால் பீப், பிறகு யாரோ மூச்சு விடுவது, டக்கென்று வைக்கும் சத்தம். மறுநாளும் அதேதான். கோயிலில் நாத்தனார் ருக்மணி அவள் முகத்தைப் பார்க்காமலே இலையில் இன்னும் கொஞ்சம் சோறு தள்ளிவிட்டாள். ஏன் என்று காமாட்சிக்கு விளங்கவில்லை.

வீரசாமிக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. "என் குரல் கேட்டா வைக்கலாம். உன் குரலைக் கேட்டு ஏன் வைக்கிறான்? நீயே எடுப்பேன்னு நினைச்சுக் கூப்பிடறவன் யாரு?"

காவடிக்கு முந்தின நாள் பூஜையிலிருந்து வந்ததும் மறுபடி அந்த வெறும் மூச்சு. அவன் கதவைத் தாழிட்டான். அவளை அடுப்படிச் சுவரில் வைத்து அழுத்தி, இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்தான். "பேரைச் சொல்லு." சொல்ல அவளிடம் பேர் இல்லை. பிடி இறுகியது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. இன்று செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போது மணி அடித்தது.

"எடுக்காதே," என்றான் அவன், கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்தி. "அவன்தான். பேசட்டும். நானும் கேட்கறேன்."

பெட்டி எடுத்தது. முதலில் அவள் குரல் வந்தது, வணக்கம் சொன்னது. பிறகு ஓர் அடி. நாற்காலி விழும் சத்தம். ஏரியல் காற்றைக் கிழிப்பது. அவள் அலறுவது. பிறகு அவன் குரல், தெளிவாக: காப்புக் கட்டியிருக்கேன், பொழைச்சுப் போ.

பீப்.

"வீரசாமி, நான் விஸ்வம் குருக்கள் பேசறேன்." இந்தியாவிலிருந்து வந்து இரண்டு வருஷமாகக் கோயிலில் இருப்பவர்; தமிழில்தான் பேசுவார். "உங்க கிரியோல் எனக்கு வராது. காப்புன்னு சொன்னது புரிஞ்சுது. அந்தப் பொண்ணு அழறது புரிஞ்சுது. நேத்தும் பூஜை முடிஞ்சு நீங்க வீடு சேர்றதுக்குள்ளே கூப்பிட்டுக் கேட்டேன், கேட்டுட்டு வச்சுட்டேன். அது என் தப்பு. நாளைக்கு உங்களுக்குக் காவடி கிடையாது. காப்பை அவுத்துடுங்கோ."

கழுத்திலிருந்த கைகள் விலகின. காமாட்சி தரையில் சரிந்து இருமினாள். வீரசாமி பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி, உடையும்வரை தரையில் மோதினான். ஒரு துண்டு தெறித்து அவள் நெற்றியைக் கிழித்தது. நாடா வெளியே வந்து அவன் காலில் சுற்றிக்கொண்டது.

பிறகு அவன் அவள் முன்னால் குந்தினான். குரல் குழைந்தது. கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னான்: அது ரேடியோ நாடகம், தவறிப் பதிவாகிவிட்டது என்று. நீ சொன்னால் நம்புவார் என்றான். பத்து வருஷமாக எடுக்கும் காவடி, ஊர் முன்னால் என் மானம் போய்விடும் என்றான். "சொல்லுவேதானே, காமாட்சி?"

அவள் முந்தானையால் நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து அவனைக் கடந்து போய்த் தாழைத் திறந்தாள். சொல்லுவேதானே என்று பின்னாலிருந்து இன்னொரு முறை கேட்டான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்றிருந்தார்கள். செருப்புக்கூடப் போடாமல் அவள் அவர்கள் நடுவே நடந்து போனாள். கோயில் பக்கம் போகாமல், ஊகெட்டின் மருந்தகம் இருக்கும் பக்கம் திரும்பினாள்.