நிராகரிக்கப்படத் தவறியவன்

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சோதனையில் தேறினேன். அதுதான் நான் செய்த நாசம்.

தோற்பதற்கென்றே போட்ட மனு அது. யோசனை ரூடியுடையது. டுலூத் நகரத்துப் பள்ளிப் பேருந்துகளை நானும் அவனும் ஒரே பணிமனையில் பழுது பார்க்கிறோம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் பேசினால் எல்லாம் அசரீரி மாதிரிக் கேட்கும். முகம் தெரியாததால் நம்பவும் தோன்றும்.

"டேய் லைல், உன் பொண்ணுக்கு எவ்வளவுடா குறையுது?"

"நாலாயிரம் டாலர்."

"அரசாங்கக் கடன் எடுத்துட்டாளா?"

"எடுத்துட்டா. ரெண்டாம் வருஷத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, அதுக்கு மேல கிடையாதாம். அவ சம்பாதிச்சது, உதவித்தொகை எல்லாம் போட்டும் நாலாயிரம் இடிக்குது."

"அப்போ நீ, பெத்தவங்களுக்குன்னு அரசாங்கம் தர்ற கடனுக்கு மனு போடு."

"எனக்கு எவன்டா குடுப்பான்? தவணை கட்டலன்னு டிரக்கையே தூக்கிட்டுப் போனானுங்க."

"அட மடையா, அதைத்தான் சொல்றேன். உனக்கு இல்லன்னு சொல்லிட்டா, அவ பேர்லயே இன்னும் நாலாயிரம் சேர்த்துத் தருவாங்க. சட்டம் அப்படி. என் பையனுக்கு அப்படித்தான் வாங்கினேன். உன்னை மாதிரி உருப்படாதவனுக்குன்னே வெச்சிருக்காங்கடா."

என் உருப்படாத தன்மைக்கு யாராவது விலை வைத்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போனதும் கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. ஒரு தொகையைக் குறிப்பிடலாம், அல்லது கல்லூரி அனுமதிக்கும் உச்சத் தொகை என்று சொல்லலாம். எப்படியும் விரட்டத்தான் போகிறார்கள், சில்லறைக்காக ஏன் விரட்டப்பட வேண்டும்? உச்சத்தையே கேட்டேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. அதையும் போட்டேன். வருகிற பொத்தானையெல்லாம் அழுத்து என்று ரூடி சொல்லியிருந்தான்.

திரை ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு, என்னைப் பாராட்டியது.

கடனாளியின் பழைய பாவங்களில் ஐந்து வருடத்துக்குள் நடந்தவற்றைத்தான் இவர்கள் பார்ப்பார்களாம். என் டிரக் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாமலேயே நான் நல்லவனாகிவிட்டிருந்தேன். பத்தொன்பதாயிரம் டாலர், லைல் ஹாகன் பெயரில்.

என் மகள் கிர்ஸ்டன் வேலையிலிருந்து வந்தாள். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் விடியுமுன் தொடங்கும் வேலை. கையெல்லாம் வெளுப்பான் வாசனை. திரையைப் பார்த்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"பாஸ் ஆயிட்டேன்."

"இதுல சிரிக்க ஒண்ணும் இல்லப்பா. உன்னை வேணாம்னு சொன்னாத்தானே எனக்கு நாலாயிரம்? இப்போ அது கிடையாது. என் நர்சிங் சீட்டை இந்த செப்டம்பர்ல விட்டா, வரிசையில நிக்கறவங்க எடுத்துப்பாங்க."

"அப்போ இதை எடுத்துப்போம். நீ வேலைக்கு வந்ததும் கட்டு."

"இது என் கடன் இல்லப்பா. உன் கடன். என் பேருக்கு மாத்தவே முடியாது. நான் எடுக்கறதுக்குப் படிச்சு முடிச்சு ஆறு மாசம் வரைக்கும் கேக்க மாட்டாங்க. அதுல ஒரு பங்குக்கு வட்டியையும் அரசாங்கமே கட்டிக்கும். உன்னுது அப்படி இல்ல. பணம் வந்த அன்னிலேர்ந்து வட்டி. கிட்டத்தட்ட ஒன்பது பர்சன்ட்."

இதையெல்லாம் அவள் முதல் வருடக் கடனுக்கு முன் சோபாவில் படுத்துக்கொண்டே ஒரு பாடமாகப் படித்து, கேள்விக்குப் பதில் சொல்லித் தேறியிருந்தாள். எனக்கும் அந்தப் பாடத்தைக் காட்டியிருப்பார்கள். நான் பொத்தான் அழுத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

பணம் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து நகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. கப்பல்களை எச்சரிக்கும் துறைமுகத்துக் கொம்பு பகலெல்லாம் ஊதியது. நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, கடனை வசூலிக்கப்போகும் நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். ஒவ்வொரு தடவையும் வேறு குரல். எல்லாம் பஞ்சு மாதிரி.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. இது எப்போ முடியும்?"

"அது நீங்க தேர்ந்தெடுக்கிற திட்டத்தைப் பொறுத்தது, சார்."

"பத்து வருஷத்துல?"

"பத்து இருக்கு, இருபத்தஞ்சும் இருக்கு. பொண்ணு படிக்கிற வரைக்கும் தள்ளியும் போடலாம்."

"தள்ளிப்போட்டா வட்டி?"

"வட்டி சேரும். அப்புறம் அது அசலோட அசலா ஆயிடும். உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டாம் என்றேன். ஆனால் அந்தப் பத்தொன்பதாயிரம் எனக்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கல்லூரிக்குக் கட்டியது போக மிச்சம் என் கைக்கே வரும். அடுப்படிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. கிர்ஸ்டன் சலவைக்கூடத்தை விட்டுவிடலாம். சூப் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் தூங்கிப்போவதை நான் பார்க்க வேண்டியிருக்காது. இந்த வருடம் பத்தொன்பது, அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கூட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கூட்டாமலேயே ஆசைப்பட முடிந்தது.

பணம் வருமுன் கல்லூரியில் சொல்லித் தொகையைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம் என்று கிர்ஸ்டன்தான் கண்டுபிடித்தாள். போனோம். கல்லூரி இருக்கும் மலைமேல் கார் ஏறும்போது அவள் கைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எப்போ முடியும்னு கேட்டுட்டே இருந்தியே, அதுக்குப் பதில் இருக்கு. கடன் வாங்கின பெத்தவங்க செத்துட்டா முழுசா தள்ளுபடியாம்."

"பார்த்தியா, எவ்வளவு நல்ல மனசு."

"இல்லன்னா நான் செத்தாலும்."

நான் வேறு ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டேன். மழை பெய்யவில்லை.

உதவித்தொகை அலுவலகத்தில் எங்களுக்கு வாய்த்தவர் நடீன் பெல். எழுபதை நெருங்கியிருப்பார். ஆகஸ்ட்டில் கம்பளிச் சட்டை, மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய், மேசைக்கடியில் சின்னதாக ஒரு கால் சூடேற்றி. ஓய்வுபெற்று ஃபுளோரிடாவில் மீன்பிடிக்க வேண்டிய வயதில் இந்த வேலையை இவ்வளவு நேசிக்கும் ஒரு மனுஷியா என்று வியந்தேன். வாய்விட்டே சொன்னேன்.

"உங்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் போல."

"மிட்டாய் எடுத்துக்கங்க சார்" என்றார்.

ஒழுகும் கூரை வரை விஷயத்தைச் சொன்னேன். டிரக்கைப் பற்றிச் சொன்னபோது அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"மறுக்கப்படணும்னு மனு போட்டு வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க. பாஸ் ஆயிட்டு அழறவங்க கொஞ்சம் கம்மி."

"இப்போ என்னை வேணாம்னு சொல்ல வைக்க வழியே இல்லையா?"

"உங்களால கடன் வாங்கவே முடியாதுங்கற நிலைமைன்னா, பொண்ணு பேர்லயே நான் சேர்த்துத் தரலாம்."

"எந்த மாதிரி நிலைமை?"

"உதாரணத்துக்கு, சிறையில இருந்தா."

"எவ்வளவு நாள் இருக்கணும்?"

"அப்பா!" என்றாள் கிர்ஸ்டன்.

பெல் அம்மாள் கணினியில் என் பெயரைத் திறந்தார். தொகை இருந்த கட்டத்தைச் சுத்தமாக அழித்தார். அந்த வெற்றுக் கட்டத்தில் ஒரு கோடு மினுங்கி மினுங்கி அணைந்தது.

"எவ்வளவு போடட்டும்?"

கிர்ஸ்டன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மூடுபனிதான் தெரிந்தது. அவள் விரல் நுனிகள் வெளுப்பானில் உரிந்திருந்தன. பத்தொன்பது என்ற சொல் என் நாக்கு வரை வந்துவிட்டது.

"அம்மா, நான் இதை எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். முழுசா வாங்கினா எப்போ முடியும்?"

"அது பொறுத்தது, சார். உங்க வருமானம், எடுக்கற திட்டம்..."

"திட்டம் வேணாம். நீங்க என் இடத்துல இருந்தா எவ்வளவு போடுவீங்க?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கால் சூடேற்றி கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க இடத்துலதான் சார் இருந்தேன். என் பையனுக்கு. நாலு வருஷமும் உச்சத்தொகை. அவனுக்கு இப்போ முப்பத்தாறு, ரெண்டு குழந்தைங்க. நல்ல பையன், அவனால முடிஞ்சப்போ அனுப்புவான். நான் மாசாமாசம் கட்டறேன். வாங்கினதைவிட இப்போ அதிகமா நிக்குது. வேலை பிடிச்சிருக்கான்னு கேட்டீங்களே. இந்தக் கடன் இல்லன்னா அறுபத்திரெண்டுலயே ஓய்வு வாங்கிட்டுப் போயிருப்பேன்."

கிர்ஸ்டன் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பெல் அம்மாள் தொடர்ந்தார்.

"நாலாயிரம் போடுங்க. கூட ஒரு டாலர்கூட வேணாம். கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கங்க. பொண்ணு கை உரியட்டும், ஆறிடும். அந்த நாலாயிரத்தையும் தள்ளிப்போடாம இந்த மாசத்துலேர்ந்தே கட்டுங்க. அடுத்த வருஷமும் உங்களுக்கு இதே உச்சத்தொகையைத் தர்றோம்னு சொல்வாங்க. அப்பவும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இங்க வந்து என்னைக் கேளுங்க. நான் இருப்பேன். சாகற வரைக்கும் இந்த நாற்காலியிலதான் இருப்பேன் சார்."