மூதூர் என்று தேடினால்

எங்கள் விடுதிக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். என் கணவர் தவராசா அதைத் தன்னுடைய யோசனை என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். அது போர் நின்றிருந்த சமாதானக் காலம். வெள்ளைக்காரர்கள் உப்புவெளிக் கடற்கரையில் முதுகைக் காயவிட்டுக் கிடந்தார்கள். திருகோணமலை டவுனில், உட்துறைமுக வீதியில் எங்கள் நான்கு அறைகளும் பூட்டியபடி கிடந்தன.

தளம் செய்ய வந்தவள் ஸுல்பிகா. மூதூர்ப் பிள்ளை. காலை லோஞ்சில், மோட்டார்ப் படகில், குடாவைக் கடந்து வந்து, டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்துவிட்டுப் பின்னேர லோஞ்சில் திரும்பிப் போவாள். கணவரைப் பிரிந்தவள். அவளுடைய சின்ன மகள் றுக்கியாவை மூதூரில் தங்கை பரீதா, பிள்ளைக்குச் சாச்சி, பார்த்துக்கொண்டாள். நான் பத்து வார்த்தை சொன்னால் ஸுல்பிகா ஒன்று சொல்வாள். அந்த ஒன்றும் பெரும்பாலும் “பொறுங்க அக்கா” என்பதாகத்தான் இருக்கும்.

தளம் நல்ல வடிவாகத்தான் வந்தது. அறைகள், கட்டில்கள், மேல்மாடியில் இருந்து தெரியும் துறைமுகம், எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. ஆனால் கூகுளில் தேடினால் எங்களைத் தவிர உலகத்தில் உள்ள எல்லா விடுதிகளும் வந்தன. தவராசா கொம்பியூட்டரை முறைத்துப் பார்த்தார். ஸுல்பிகாவிடம் காரணம் கேட்டபோது அவள் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீளமாகவே பேசினாள்.

“மத்தத் தளங்கள் நம்மளக் காட்டிக் கதைக்கணும் அக்கா. ஆரும் காட்டாட்டி நாம இரிக்கிறதே கூகுளுக்குத் தெரியாது.”

அப்படியானால் காட்டச் சொல்லிக் கேட்டால் போயிற்று என்றார் தவராசா. அவள் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் தளத்தில் புதிதாகப் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினாள். குச்சவெளிக்கு பஸ் எப்போது, கந்தளாய்க்கு எங்கே ஏற வேண்டும், மூதூர் லோஞ்ச் எந்த மாதத்தில் கடல் பொங்கி நிற்கும், பெருநாளுக்கு முதல் நாள் எவ்வளவு நெரிசல் என்றெல்லாம் எழுதினாள். இவர் இது விடுதியா பஸ் டிப்போவா என்று கத்தினார். எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான், ஆனால் அவர் கத்தும்போது அவர் பக்கம் நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு அவள் ஆட்களுக்கு எழுதத் தொடங்கினாள், ஒவ்வொருவராக. நோர்வேயில் ஒரு பெண் குச்சவெளிக் களப்புப் பறவைகளைப் பற்றி எழுதியிருந்தாள். அதில் பஸ் விவரம் பிழை. ஸுல்பிகா அதைத் திருத்தி அனுப்பினாள். அந்தப் பெண் நன்றி சொல்லி, எங்கள் பக்கத்துக்குத் தன் தளத்தில் ஓர் இணைப்பையும் போட்டுவிட்டாள். டோஹாவில் மூதூர்ப் பொடியன்கள் சேர்ந்து பழைய மாணவர் தளம் ஒன்று நடத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் பெயர் அபூதாஹிர். லீவில் ஊருக்கு வருகிறவர்கள் லோஞ்ச் நேரம் தெரியாமல் படகுத்துறையில் காய்கிறார்கள் என்று அவருக்கே கவலை. அவரும் இணைப்புப் போட்டார். இப்படி மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. கோழி அடைகாத்தால் கூட இதைவிடக் கெதியாக முடிந்துவிடும் என்று தவராசா சொன்னார்.

பொறுமை இல்லாத மனிதர் கடைசியில் தன் வேலையைக் காட்டினார். எங்கேயோ இருக்கிற ஒரு கம்பனி, ஒரே கிழமையில் ஆயிரம் இணைப்பு எடுத்துத் தருகிறோம் என்று மின்னஞ்சல் போட்டிருந்தது. எங்கள் இருவருக்கும் சொல்லாமல் இவர் அதற்குச் சம்மதித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் விடுதி உடனே மேலே ஏறியது. இவர் பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சந்தோஷம் அடங்க முன்னமே தளம் காணாமல் போய்விட்டது. விடுதியின் பெயரையே அடித்துத் தேடினாலும் இல்லை. ஸுல்பிகா தோண்டிப் பார்த்தாள். எங்களைக் காட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் சூதாட்டத் தளங்களும் ஆண்மைக் குளிசை விற்கிற தளங்களும்.

நான் அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். ஸுல்பிகா ஏசவில்லை. இவ்வளவு கால உழைப்பையும் ஒருவர் கடலில் கொட்டினால் நான் அழுதிருப்பேன். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

“உங்களத் தெரியாத ஆக்கள் ஆயிரம் பேர் வந்து உங்களப் பத்தி நல்லாச் சொன்னா, அதை ஆரு நம்புவாங்க அண்ணன்?”

தவராசா குசினிக்குப் போய் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு ஊற்றித் தந்ததில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

புதிய முகவரியில் தளத்தைத் திரும்பக் கட்டினாள். இணைப்புத் தந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி, முகவரியை மாற்றச் சொல்லிக் கேட்டாள். எல்லோரும் மாற்றினார்கள். அபூதாஹிர் தன் தளத்தின் ஒரு மூலையில் இருந்த இணைப்பை முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு வருடத்துக்குள் மூதூர் என்று தேடினால் எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. ஆட்களும் வரத் தொடங்கினார்கள். லோஞ்சுக்கு முதல் நாள் வந்து தங்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள், பறவை பார்க்கிறவர்கள், ஒருமுறை தேனிலவுக்காரர்கள் கூட.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சமாதானம் குலைந்தது. டவுனில் குண்டு, கடையடைப்பு, ஊரடங்கு. ஆட்கள் நின்றுபோனார்கள். வர ஆளில்லாத வீட்டுக்கு வழி எதற்கு, தளத்தை மூடிவிடுவோம் என்றார் தவராசா. ஸுல்பிகா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றாள்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள் அவள் வழக்கம்போலக் காலை லோஞ்சில் வந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு கடலில் துப்பாக்கிச் சூடு என்றார்கள். பின்னேர லோஞ்ச் ஓடவில்லை. கொம்பியூட்டர் கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டுக் கண்டிக்குப் போய்விட்டார். ஸுல்பிகாவிடம் கைபேசி இல்லை, போகவும் இடமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாள் குடாவுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது மாடியில் இருந்தே தெரிந்தது. ஷெல் சத்தம் நிற்கவில்லை. மூதூருக்கு எந்த டெலிபோனும் வேலை செய்யவில்லை. றுக்கியாவுக்கு அப்போது ஆறு வயது. தாய் கடலுக்கு இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். கொடுத்த சாப்பாட்டை ஸுல்பிகா தொடவில்லை.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது. வெளிநாட்டு அழைப்பு. எனக்குப் பழக்கதோஷம், எத்தனை பேர், எந்தத் திகதி என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் உடைந்தது.

“அறை வேணாம் அக்கா. என்ட பொண்டாட்டி புள்ளைகள் மூதூர்ல. மூதூர் எண்டு தேடினன், உங்கட நம்பர்தான் முதல்ல வந்தது.”

வைத்த கையோடு றியாத்தில் இருந்து ஒருவர். பிறகு ரொறொன்ரோ, லண்டன். முஸ்லிம் ஆட்கள், தமிழ் ஆட்கள், எல்லோரும் தங்கள் ஊரின் பெயரை அடித்துத் தேடி எங்கள் வீட்டில் வந்து விழுந்தார்கள். ஒரு காலத்தில் டெலிபோன் அடிக்காதா என்று ஏங்கிய தவராசா, தொண்டை கட்டும் வரைக்கும் பேசினார். சொல்வதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை.

ஸுல்பிகா கதிரையை விட்டு எழும்பினாள். தளத்தில் இருந்த கட்டில் படங்களை எடுத்தாள், அறை விவரத்தை எடுத்தாள். யார் யாரைத் தேடுகிறார்கள் என்று முன்பக்கத்திலேயே எழுதத் தொடங்கினாள். முதலாவதாகத் தன் மகளின் பெயரையும் தங்கையின் பெயரையும் போட்டாள். இளம் பொடியன்களின் பெயரைப் போடாதே, பார்த்துவிட்டு யாரும் பிடித்துக்கொண்டு போகலாம், அது அவர்களுக்கே ஆபத்து என்று தவராசா சொன்னார். நல்ல புத்தி அவருக்கும் சில வேளை வரும். பிறகு அவள் அபூதாஹிருக்கும், நோர்வேப் பெண்ணுக்கும், இணைப்புத் தந்த எல்லோருக்கும் எழுதினாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பறவைப் பக்கத்தின் உச்சியில் எங்கள் நம்பர் பெரிய எழுத்தில் நின்றது.

எங்களிடம் இருந்தது ஒரே லைன். இன்டர்நெட்டில் இருந்தால் டெலிபோன் வராது, டெலிபோன் வந்தால் இன்டர்நெட் இல்லை. பெயர்களை ஏற்ற அவள் லைனைப் பிடிப்பாள், அழைப்பு வரட்டும் என்று நான் பறிப்பேன். இதற்குள் மூதூர்ச் சனம் நடந்தே கந்தளாய்க்கு வந்து பள்ளிக்கூடங்களில் இருப்பதாகச் செய்தி வந்தது. அங்கே சிலரிடம் கைபேசி இருந்தது. அவர்கள் டோஹாவுக்குச் சொல்ல, டோஹா எங்களுக்குச் சொல்ல, ஸுல்பிகா தளத்தில் எழுதினாள். இன்னார் இன்ன பள்ளிக்கூடத்தில் சுகம். முதலில் கூப்பிட்ட அந்த மனிதரின் மனைவி பிள்ளைகள் கிடைத்தார்கள். லண்டன்காரருக்கு மட்டும் கெட்ட செய்தி. அதை நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.

பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மேலே இருந்த இரண்டு மட்டும் அசையவில்லை. ஸுல்பிகா ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் ஒரே குரலில் கேட்பாள்: றுக்கியா எண்டு ஒரு புள்ள, ஆறு வயசு, சாச்சியோட வந்திரிக்கும், ஆரும் கண்டீங்களா? யாரும் காணவில்லை. அடுத்தவர் வீட்டுக்கு நல்ல செய்தி சொல்லும்போது அவள் குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. அவள் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் நான் குசினிக்குப் போய்விடுவேன்.

ஒரு காலை, அவள் லைனை விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்த நேரம், டெலிபோனை நான் எடுத்தேன். உள்ளூர் அழைப்பு. யாருடையதோ கைபேசி, பின்னால் சனத்தின் இரைச்சல். ஒரு பெண், கந்தளாய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து இரண்டு நாளாக எடுத்தும் லைன் கிடைக்கவில்லை என்றாள். டோஹாவுக்குக் கதைத்த ஒருவர் இந்த நம்பரைக் கொடுத்தாராம். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“என்ட கூடப்பொறந்த ராத்தாவை. டவுன்ல கொம்பியூட்டர் கடையில வேல செஞ்சவ. அண்டைக்குப் பின்னேர லோஞ்சில வந்திரிப்பா, லோஞ்ச் கடல்ல தாண்டு மூழ்கிப்போச்சு எண்டு சொல்றாங்க. மையித்தாவது கிடைச்சதா எண்டு கேக்கத்தான் எடுத்தன். பேர் ஸுல்பிகா.”

எத்தனை பேரின் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தது. தேடுகிறவர்களின் பெயர், கிடைத்தவர்களின் பெயர், பள்ளிக்கூடங்களின் பெயர். ஸுல்பிகா சுகம், திருகோணமலையில் இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவள் எழுதவில்லை, எங்கள் இருவருக்கும் தோன்றவும் இல்லை. தன்னையும் யாரோ தேடுவார்கள் என்று அந்தப் பைத்தியக்காரிக்கு நினைப்பே வரவில்லை.

“ஸுல்பிகா, இஞ்ச வா பிள்ளை,” என்றேன். “உன்னைத்தான் கேக்கினம்.”

அவள் வந்து டெலிபோனை வாங்கி, எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில், யாரைத் தேடுறீங்க என்று கேட்டாள். அந்தப் பக்கம் எழும்பிய கூச்சல் எனக்கும் கேட்டது. ஸுல்பிகா தங்கையின் பெயரைச் சொன்னாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு அந்தப் பக்கம் டெலிபோன் கை மாறியது. நான் வெட்கம் இல்லாமல் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீங்க மௌத்தாப் போயிட்டீங்க எண்டு சாச்சி சொன்னா,” என்றது பிள்ளை.

“இல்ல மகள். இரிக்கன். டவுன்லதான் இரிக்கன்.”

“அப்ப ஏன் நீங்க வரல்ல?”

ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொன்னவள் டெலிபோனை என்னிடம் நீட்டினாள். நான் டெலிபோனை வாங்கி, உம்மா இப்ப வாறா பிள்ளை, அங்கேயே இரு என்று சொன்னேன். தவராசா அதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு கந்தளாய் பஸ் நிற்கிறதா என்று பார்க்க ஓடிவிட்டார். ஸுல்பிகா செருப்பைக்கூடப் போடாமல் அவருக்குப் பின்னால் ஓடினாள்.