ஜன்னலில் இருந்த முகம்

“பாப்பாவோட கண்ணு சரியான உருண்டையா இல்லாம, முன்னயிருந்து பின்னால கொஞ்சம் நீண்டிருக்குங்க. தூரத்துல இருக்கறதோட பிம்பம் விழித்திரைக்கு முன்னாடியே விழுந்துடுது. அதான் மங்கலா தெரியுது,” என்றார் டாக்டர். உண்ணாமலையின் தடித்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் இதே கதைதான்,” என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் மகள் கவியா, “இத என் ஃப்ரெண்டு மணிமொழிகிட்ட வந்து சொல்லும்மா. பஸ்ஸுல இருந்து கை காட்டினாளாம், நான் திமிரா பாக்காம போயிட்டேனாம். பேசவே மாட்டேங்கறா,” என்றாள்.

உண்ணாமலை செங்கம் ரோட்டோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளும் தமிழ்செல்வியும் பத்தாவது வரை ஒரே பெஞ்ச், ஒரே சைக்கிள். எப்போதும் தமிழ்செல்விதான் மிதிப்பாள். உண்ணாமலை மிதித்தால் எருமைமாட்டின் மேல் விடுவாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகும் தமிழ்செல்வியை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். சேத்துப்பட்டு பஸ்ஸின் ஜன்னல்களில் மங்கிய புள்ளிகள்தான் இருந்தன. எல்லோருக்கும் உலகம் அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்திருந்த காலம் அது. ஒரு தடவை கை காட்டினால் குறைந்தா போய்விடுவாள் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். கண்ணாடி போட்டது இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் பேச்சு அற்றுப்போயிருந்தது. தமிழ்செல்வி திரும்பிவந்து அடி அண்ணாமலையில் இட்லிக்கடை போட்ட பிறகும், கிரிவலம் போகையில் உண்ணாமலை அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இன்று மகளோடு ஆட்டோ ஏறினாள்.

இட்லித் தட்டு கழுவிக்கொண்டிருந்த தமிழ்செல்வி நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து தட்டைத் தேய்த்தாள்.

“செல்வி, அன்னிக்கு பஸ்ஸுல இருந்து கை காட்டினியாடி?”

“பாதி உடம்ப வெளிய நீட்டி, பஸ்ஸு திரும்புற வரைக்கும் காட்டினேன். நீ கல்லு மாதிரி நின்ன. பொறாமைனு எங்க மாமியார் சொன்னாங்க.” தட்டைக் கீழே வைத்தாள். “நானும் நம்பிட்டேன்.”

“எனக்குத் தெரியலடி. கண்ணு தெரியல.”

தமிழ்செல்வி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். “கழட்டு அத.”

உண்ணாமலை கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். தமிழ்செல்வி அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள்.

“தெரியுதா?”

“தெரியுது.”

இன்னும் சில அடிகளில் மூக்குத்தி மறைந்தது. பிறகு கண்ணும் வாயும் கலைந்து ஒரே நிறமாயின.

“இப்ப?”

“இல்ல.”

அந்தப் பக்கமிருந்து சத்தமே வரவில்லை. வேப்பமரத்தடியில், அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், ஒரு பச்சைப் புடவை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.