தலைகீழாக வந்த குழாய்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சேத்தக்கா என்று பெயர். ஆழ்கடலுக்கு அடியில் துளைபோட்டு எடுத்த சேற்றைக் குழாய் குழாயாகக் குளிரறையில் அடுக்கி வைத்துக்கொண்டு, அதோடு குடும்பம் நடத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அன்று நெடுக்காகப் பிளந்த ஒரு குழாயைப் படம் எடுக்கக் குளிரறை மேசைமேல் வைத்தாள். பழகிய குழாய்தான். போன வருடம் அவள் பேர் வாங்கியதே இதனால்தான். ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் கொதித்தபோது, கடல் கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துப் புளித்துப்போனது. நுண்ணுயிர்களின் ஓடுகள் கரைந்தன. ஓட்டுத்தூளால் வெளுத்திருந்த அடிச்சேறு சிவந்த களிமண்ணாகிவிட்டது. இந்தக் குழாயில் அடியில் வெள்ளை, மேலே போகப்போகச் சிவப்பு, உச்சியில் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று மறுபடி வெள்ளை. கடல் மெதுவாகப் படுத்து, சீக்கிரமே எழுந்துவிட்டது என்று அவள் எழுதினாள். இன்றைய சூட்டிலிருந்தும் கடல் அப்படியே மீளும் என்று எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்தது.

விளக்கைச் சாய்த்தபோதுதான் பார்த்தாள். வெட்டுக்கோட்டிலிருந்து சிவப்பு விரல்கள் மேலே வெள்ளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. புழுப்பொந்துகள். கடலடிப் புழு கீழ்நோக்கித்தான் தோண்டும். அந்தப் பொந்தில் மேலே இருக்கிற சேறுதான் போய் விழும். கீழே கிடக்கிற சேறு மேலே ஏறாது. போன வருடமும் இவை இருந்தன. கறை என்று விட்டுவிட்டாள். நல்ல சேதி கையில் இருக்கும்போது கறையை யார் துருவிப் பார்க்கிறார்கள்?

குழாய் தலைகீழாக இருந்தது. மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி என்பது கப்பலில் வழக்கம். எவனோ தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டுத் தொலைத்திருக்கிறான். அப்படியானால் கடல் சட்டென்று விழுந்து, மெதுவாக, மிக மெதுவாக எழுந்திருக்கிறது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. பயமெல்லாம் தங்கையை நினைத்துத்தான்.

தங்கைக்கு அதே கட்டடத்தில், மாடி வரவேற்பு மேசையில் வேலை. வேகப்போகிற உலகத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதா என்று கல்யாணமான நாள் முதல் மறுத்துக்கொண்டிருந்தவள். புருஷன் கெஞ்சியும் மசியவில்லை. கடல் எழுந்துவிடும், நானே கண்ணால் பார்த்தேன் என்று அக்கா சொன்ன பிறகுதான் மனசு மாறினாள். இப்போது நாலாம் மாதம்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வந்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். அக்காவால் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தங்கை அழவில்லை. குளிரறைக்குள் வந்து குழாய்ப் பக்கத்தில் நின்றாள்.

"விழுந்த இடம் எது?"

அக்கா வெட்டுக்கோட்டைக் காட்டினாள். தங்கையின் சுண்டுவிரல் நகம் அதை மூடிவிட்டது.

"எழுந்தது?"

தங்கையே சிவப்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். கை எட்டவில்லை. ஓர் அடி நகர்ந்து மறுபடி ஓட்டினாள். குழாய் முடிகிற இடத்தில்தான் சேறு ஒருவழியாக வெளுத்தது.

"எத்தனை வருஷம் இது?"

"ஒரு லட்சத்துக்கு மேல."

"இப்ப நாம சூடாக்குறது?"

"உன் நகத்தை விட வேகம்டி."

தங்கை வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, இது இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்குத் தெரியப் போகுது?"

காலையிலிருந்து அக்காவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சேற்றைவிட அந்த நினைப்புதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. தன் பேச்சை நம்பி இன்னும் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்களோ. மூடிகளைச் சரியாக மாற்றிப் போட நீல மூடியைப் பிடித்து இழுத்தாள். இறுகிப்போயிருந்தது. குழாய்தான் மேசையில் வழுக்கிக்கொண்டு வந்ததே தவிர, மூடி அசையவில்லை.

தங்கை வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குழாயின் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"இழு," என்றாள். குளிரில் அவள் பற்கள் தந்தியடித்தன.